ஒட்டன்சத்திரம் காய்கறி கேரளாவுக்குப் போகிறது... நம் குழந்தைகளுக்கு ஏன் இத்தனை ரத்தசோகை?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏறும் லாரிகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். முருங்கை, தக்காளி, வெண்டை, பீட்ரூட் எனத் திண்டுக்கல் சமவெளியில் விளைவதில் கணிசமான பங்கு அங்கிருந்து நேராகக் கேரளாவுக்குத்தான் போகிறது. ஓணம் நெருங்கினால் மார்க்கெட் விலையே அந்த ஊர்க் கணக்கில்தான் ஏறும், இறங்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. 2019-21ல் எடுக்கப்பட்ட 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளாவில் 39.4 சதவிகிதம். தமிழ்நாட்டில் 57.4 சதவிகிதம்.

காயை விளைவித்து அனுப்பும் பக்கம் நூற்றுக்கு 57 குழந்தைகள். வாங்கிச் சமைக்கும் பக்கம் 39. லாரி போவதால்தான் ரத்தம் குறைகிறது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும், கீரையும் காயும் கைக்கெட்டும் தூரத்தில் விளையும் ஒரு பகுதியில் இந்த எண் உறுத்தத்தான் செய்கிறது. இதைவிட உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 2015-16ல் நடந்த முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டின் எண் 50.7. அதாவது, இடைப்பட்ட காலத்தில் குறைந்திருக்க வேண்டியது கூடியிருக்கிறது.

'தமிழ்நாடுதான் சுகாதாரத்தில் டாப்' என்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் ஒரு கார்டு வருமே, அது பொய்யா?

பொய் இல்லை. ஆனால், பாதிதான்.

உயிர் காப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்

குழந்தை நலத்தை அளக்க உலகம் முழுவதும் முதலில் பார்ப்பது சிசு மரண விகிதத்தை. பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் எத்தனை இறக்கின்றன என்பதே அது. 1971-ல் இந்தியா முழுவதற்கும் இந்த எண் 129. தமிழ்நாட்டில் 113. கேரளாவில் அப்போதே 58. வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப்பாருங்கள். 'பெத்தது ஏழு, தங்குனது அஞ்சு' என்பது அன்றைக்கு யாருக்கும் அதிசயமாகத் தோன்றாத கணக்கு.

2020-ம் ஆண்டு மாதிரிப் பதிவுத் திட்ட அறிக்கையில் இந்திய சராசரி 28 ஆகக் குறைந்துவிட்டது. தமிழ்நாடு 13. கேரளா 6. மத்தியப் பிரதேசம் 43. அதே நாடு, அதே ஆண்டு. ஆனால், பிறந்த ஊரைப் பொறுத்து ஒரு குழந்தை முதல் பிறந்தநாளைக் காண்பதற்கான வாய்ப்பு இவ்வளவு மாறுகிறது.

113-லிருந்து 13-க்கு வந்தது தானாக நடந்ததல்ல. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் 1939-லேயே ஒரு சட்டமும் வைத்திருந்த மாநிலம் இது. கிராமம்தோறும் செவிலியர், ராத்திரியிலும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், 2008-ல் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இந்திய சராசரி 88.6.

திண்டுக்கல்காரர்கள் இதில் கூடுதலாகவே பெருமைப்படலாம். மதுரை சாலையில் சின்னாளப்பட்டியை ஒட்டி இருக்கும் காந்திகிராமத்தை 1947-ல் கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து தொடங்கியவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிறகு டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிற்காலத்தில் திண்டுக்கல் எம்.பி-யாகவும் மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனை தாய்-சேய் நலத்துக்காகவே வளர்ந்தது. அங்கிருந்து ஆத்தூர் வட்டாரத்தில் 1959 முதல் நடந்த குடும்ப நலப் பணியைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து வேலை செய்வது என்ற பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆக, உயிரோடு காப்பாற்றுவதில் தமிழ்நாடு கெட்டிக்கார மாநிலம்தான். காப்பாற்றிய குழந்தை எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது.

'நம்ம ஆளுங்க குட்டைதானே!'

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் 25 சதவிகிதம். நாலில் ஒரு குழந்தை. இந்திய சராசரி 35.5. பீகாரில் 42.9, மேகாலயாவில் 46.5. இவர்களோடு ஒப்பிட்டால் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் பிரச்னை. பீகாரோடு ஒப்பிட்டு ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவது, வகுப்பில் ஃபெயிலான பையனோடு மார்க் ஷீட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது மாதிரி.

'நம்ம பரம்பரையே குட்டை' என்று சொல்லி இதைத் தள்ளிவிடுபவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006-லேயே பதில் சொல்லிவிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டது தெற்கு டெல்லியை. தாய்ப்பால் கொடுத்து, புகைப்பிடிக்காத, வசதிக்குக் குறைவில்லாத வீட்டுக் குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஐந்து வருடங்களில் அத்தனை நாட்டுக் குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். ஆஸ்லோ குழந்தைக்கும் டெல்லி குழந்தைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று அங்கன்வாடி சுவரில் தொங்கும் வளர்ச்சி வரைபடம் அந்த அளவில் போட்டதுதான்.

அந்த அளவுப்படி, ஐந்து வயது நிறையும் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் 109.4 செ.மீ, ஆண் குழந்தைக்கு 110. பெண் 99.9 செ.மீ-க்கும், ஆண் 100.7 செ.மீ-க்கும் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. நடுத்தர உயரத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் இடையே சுமார் 10 செ.மீ இடைவெளி விட்டிருக்கிறார்கள். பரம்பரையாகவே சற்றுக் குள்ளமான குழந்தைகளுக்கும் அதில் தாராளமாக இடம் உண்டு. அதையும் தாண்டிக் கீழே போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் சாப்பாடும் அடிக்கடி வரும் நோயும்தான்.

இந்த இடத்தில் கேரளாவையும் தூக்கிவைத்துக் கொண்டாட முடியாது. அங்கே 2015-16ல் 19.7 ஆக இருந்த இந்த எண் 23.4 ஆகக் கூடிவிட்டது. தமிழ்நாட்டில் 27.1-லிருந்து 25.0 ஆகக் குறைந்தது. தடுப்பூசியிலும் அப்படித்தான். எல்லாத் தடுப்பூசிகளும் போட்ட குழந்தைகள் ஒடிசாவில் 90.5, தமிழ்நாட்டில் 89.2, கேரளாவில் 77.8 சதவிகிதம். எல்லா வரிசையிலும் முதலிடத்தில் நிற்கும் மாநிலம் என்று ஒன்று இந்தியாவில் கிடையாது.

தாய்ப்பால் கணக்கில் சத்தீஸ்கர் முன்னே

பலரும் எதிர்பார்க்காத எண் இது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் சத்தீஸ்கரில் 80.3 சதவிகிதம். இந்திய சராசரி 63.7. தமிழ்நாடு 55.1. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில் நிலைமை இது!

ஒரு காரணம் அந்த மருத்துவமனையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் 21.5. ஆபரேஷன் முடிந்த தாய் எழுந்து உட்கார்ந்து பால் கொடுக்கத் தாமதமாகும். அதற்குள் யாராவது ஒருவர் பால் பவுடர் டப்பாவோடு வந்துவிடுவார்.

இன்னொரு காரணம் வேலை. வேடசந்தூர், வடமதுரை பக்கம் நூற்பாலைகள். நிலக்கோட்டை பக்கம் விடிவதற்கு முன்பே பூப்பறிக்கக் கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஊழியராக இருக்கும் தாய்க்கு 2021 முதல் 12 மாதம் மகப்பேறு விடுப்பு உண்டு. ஆலையில் வேலை செய்பவருக்குச் சட்டப்படி 26 வாரம். 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். பூக்காட்டில் கூலிக்குப் போகிறவருக்கு? முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவித்தொகை தவணை தவணையாக வரும். மாதக்கணக்கில் வீட்டில் இருக்க அது போதாது. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார். பாட்டி பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கிறார், கொஞ்சம் வளர்ந்ததும் டீயில் வர்க்கியைத் தொட்டு ஊட்டுகிறார். பாட்டி மீது தப்புச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வீட்டில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்?

ஆனால் ரத்தசோகைக்கு அந்த டீ நேரடிக் கூட்டாளி. டீயில் உள்ள சத்துகள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேர விடாது. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஒரு வயதுக்குள் அதையே பிரதான உணவாகக் கொடுத்தால் குடலில் லேசான ரத்தக்கசிவுகூட வரலாம்.

ரத்தம் அம்மாவிடமிருந்து தொடங்குகிறது

குழந்தை பிறக்கும்போதே முதல் ஆறு மாதத்துக்கான இரும்பைச் சேமித்துக்கொண்டுதான் பிறக்கிறது. அதைத் தருவது தாயின் உடம்பு. தாயிடமே இல்லையென்றால்?

கேரளாவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கே புரியும். 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளாவில் 36.3 சதவிகிதம், தமிழ்நாட்டில் 53.4. கர்ப்பிணிகளில் அங்கே 31.4, இங்கே 48.3. குழந்தைகளின் 39-க்கும் 57-க்கும் வேர் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிச்சம் இருப்பதை வழித்துச் சாப்பிடும் பழக்கத்தை எந்த ஆய்வும் அளப்பதில்லை. அளந்தால் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ரத்தசோகை எண்கள், அளக்கும் விதத்தைப் பொறுத்து நிறையவே மாறும். குடும்ப நல ஆய்வில் விரலிலோ குதிகாலிலோ குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சின்ன மெஷினில் பார்ப்பார்கள். 2015-16ல் அப்படிப் பார்த்து, இந்தியக் குழந்தைகளில் 58.6 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்றார்கள். 2016-18ல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்த்தார்கள். 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் சுமார் 41 சதவிகிதம்தான் வந்தது. வயதுப் பிரிவில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு என்றாலும் இவ்வளவு இடைவெளி அதனால் மட்டும் வராது. விரலை அழுத்திப் பிழியும்போது ரத்தத்தோடு வேறு திரவமும் கலந்துவிடுவது ஒரு காரணம். போதாக்குறைக்கு, 2024-ல் உலக சுகாதார நிறுவனம் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான எல்லைக்கோட்டையே 11 கிராமிலிருந்து 10.5 கிராமாகக் குறைத்தது.

அப்படியானால் கேரளாவோடு ஒப்பிட்டது தப்பா? இல்லை. இரண்டு மாநிலங்களிலும் ஒரே ஆய்வு, ஒரே முறை, ஒரே கோடு. தமிழ்நாட்டின் 57 என்பது நிஜத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். கேரளாவின் 39-ம் அதே போலக் குறையும். இடைவெளி அப்படியே நிற்கும்.

திண்டுக்கல்லுக்கு எத்தனை மார்க்?

மாவட்ட வாரியாகவும் எண்கள் வருகின்றன. ஆனால், அவற்றைக் கொஞ்சம் பதமாகப் பார்க்க வேண்டும். 5-வது ஆய்வில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களிலும் சேர்த்து 27,929 வீடுகளில் கணக்கெடுத்தார்கள். ஒரு மாவட்டத்துக்கு சராசரியாக 900 வீடுகள்கூட இல்லை. அதில் ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீடுகள் இன்னும் குறைவு. 2011-லேயே 21 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த மாவட்டம் இது. 'போன முறையைவிட 2 சதவிகிதம் முன்னேற்றம்' என்று யாராவது சொன்னால் உடனே கைதட்ட வேண்டாம். அந்த 2 சதவிகிதம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்பதைப் பொறுத்தும் வரக்கூடியது. போதாததற்கு, தமிழ்நாட்டில் பாதி கணக்கெடுப்பு கொரோனா ஊரடங்குக்கு முன்னாலும் மீதி அதற்குப் பின்னாலும் நடந்தது.

அதோடு, திண்டுக்கல் மாவட்டம் என்பது ஒரே ஊர் அல்ல. கொடைக்கானல் மலைக்கிராமத்தில் பளியர் குடியிருப்பில் பிறக்கும் குழந்தையும், திண்டுக்கல் டவுனில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய குழந்தையும் ஒரே சராசரிக்குள் வருகிறார்கள். டவுனிலேயே பேகம்பூர் தெருவும் புது நகர் அடுக்குமாடியும் ஒன்றல்ல. சராசரி நன்றாக இருந்தால், அதற்கு அடியில் இருக்கும் ஏதோ ஒரு தெரு கண்ணில் படாமல் போகும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய வழி இங்கேயே இருந்தது. 1980-ல், திண்டுக்கல் தனி மாவட்டமாகாமல் மதுரையோடு இருந்த காலத்தில், உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் காலடி வைத்தது மதுரை மாவட்டத்தில்தான். பிறகு ஆறு மாவட்டங்களுக்குப் போனது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடவில்லை. அதே குழந்தையின் போன மாத எடையோடு ஒப்பிட்டார்கள். எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு மட்டும் குறைந்தது மூன்று மாதம் சத்து உருண்டை. எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லோருக்கும் சோறு போடும் சத்துணவுத் திட்டம் 1982-ல் வந்து நாடு முழுக்கப் பேசப்பட்டது. இந்த எடைத் திட்டத்தை இன்று அவ்வளவாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால், சத்துணவோ 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ எட்டாத வயது முதல் இரண்டு வருடங்கள்தான். உயரம் கெடுவதும் ரத்தம் குறைவதும் பெரும்பாலும் அதற்குள்தான் நடக்கிறது.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு...

இன்றும் அங்கன்வாடியில் மாதம் ஒருமுறை எடை போடுகிறார்கள். 'நம்ம பிள்ளை தனியார் டாக்டர்கிட்டதான் பார்க்குது' என்று போகாமல் இருப்பவர்கள் டவுனில் அதிகம். போகலாம், காசா பணமா? தாய் சேய் நல அட்டையில் உள்ள வரைபடத்தில் பச்சைப் பகுதியில் புள்ளி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், போன மாதப் புள்ளியிலிருந்து கோடு மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பச்சைக்குள்ளேயே இரண்டு மாதமாகக் கோடு படுத்துக்கிடந்தாலும் கேட்க வேண்டியதுதான்.

உயரம் அளக்கும்போது இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் படுக்கவைத்து அளக்க வேண்டும். அதற்கு மேல் நிற்கவைத்து. படுக்கவைத்தால் சுமார் 0.7 செ.மீ கூடுதலாக வரும். முறை மாறினால், குழந்தை 'சுருங்கிவிட்டதாக' வீட்டில் ஒரு பஞ்சாயத்தே கிளம்பும்.

6 மாதம் முடிந்ததும் அரசு தரும் இரும்புச்சத்து சிரப், வாரம் இரண்டு முறை 1 மில்லி. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. அது சிரப் உள்ளே போகிறது என்பதன் அடையாளம். பாலோடு கலந்து கொடுக்கக் கூடாது. வைட்டமின் ஏ சொட்டு மருந்து 9-வது மாதத்தில் தொடங்கி, ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குடற்புழு நீக்க மாத்திரை ஒரு வயதிலிருந்து.

முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால், கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் ஏறுவது குறைவு. இரண்டு சொட்டு எலுமிச்சையோ கொஞ்சம் நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக ஏறும். பருப்பு சாதத்தில் மசித்து, எண்ணெய் விட்டு, கடைசியில் எலுமிச்சை பிழியலாம். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் நம் ஊர்ப் பாட்டிகளின் பழைய வைத்தியமான சுவரொட்டிக்கு ஈடு இல்லை. கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். நன்றாக வேகவைத்து, நசுக்கி, வாரம் ஒருமுறை இரண்டு ஸ்பூன் போதும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை உருண்டை பிடித்தோ கஞ்சி காய்ச்சியோ கொடுக்கலாம். நிறைய வீடுகளில் அந்தப் பாக்கெட் மாட்டுக்குப் போகிறது என்பது ஊரறிந்த ரகசியம்.

அப்புறம் அம்மாவுக்கு. கர்ப்ப காலத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வெறும் வயிற்றில் குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம்.